ஜொகூரில் இந்தியர்களுக்கென ஒரு வரி விளம்பரத் தளம்: தொடங்குவது எளிது, நிலைப்பது எப்படி?

ஜொகூர் பாருவில் வாடகைக்கு அறை தேடும் ஒருவர் இன்று முதலில் 'முடா' தளத்தைப் பார்க்கிறார். அடுத்து முகநூல் சந்தை. அங்கும் சரிப்படவில்லை என்றால் குடும்பப் புலனக் குழுவில் ஒரு வரி எழுதிப் போடுகிறார். இந்த மூன்றையும் விட்டு நான்காவதாக ஓர் இணையத்தளத்தை அவர் ஏன் திறக்க வேண்டும்? இந்தியச் சமுதாயத்துக்கென ஒரு வரி விளம்பரத் தளம் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் இந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை தேட வேண்டும். பலர் தளத்தின் பெயர், சின்னம், செயலியின் நிறம் எல்லாம் முடிவான பிறகே இந்தக் கேள்விக்கு வருகிறார்கள்.

வரி விளம்பரம் தமிழ் வாசகர்களுக்குப் புதியதல்ல. வீடு வாடகைக்கு, ஆள் தேவை, மணமகன் தேவை என்று நாளிதழின் உள்பக்கங்களில் வந்த சிறு கட்டங்களை நம்பி ஒரு தலைமுறையே வாழ்ந்தது. அந்த வருமானம் உலகெங்கும் இணையத்துக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் கிரேக் நியூமார்க் 1995 இல் நண்பர்களுக்கு அனுப்பத் தொடங்கிய மின்னஞ்சல் பட்டியல்தான் கிரெய்க்ஸ்லிஸ்ட் ஆனது. அந்த ஒரு தளத்தால் 2000 முதல் 2007 வரை விளம்பரதாரர்களுக்கு மிச்சமான தொகை, அதாவது நாளிதழ்கள் இழந்த தொகை, சுமார் 500 கோடி அமெரிக்க டாலர் என இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மலேசியாவில் 1924 இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. விளம்பரத்தை மட்டும் சொல்வது நியாயமாகாது. ஆனால் அச்சில் வந்த அந்தச் சிறு கட்டங்களின் இடத்தைத் தமிழில் எந்தத் தளமும் பிடிக்கவில்லை.

மலேசியச் சந்தையைப் பிடித்தது 2007 இல் வந்த முடா. அதன் முன்மாதிரி சுவீடனின் 'புளோக்கெட்'. 1996 இல் சுவீடனின் தென்கோடியில் உள்ள ஸ்கோனே வட்டாரத்தில் தொடங்கிய சிறு தளம் அது. முதலில் சொந்த வட்டாரத்தில் வேரூன்றி, பிறகே மற்ற இடங்களுக்குப் பரவியது. 2003 இல் நார்வேயின் ஷிப்ஸ்டெட் நிறுவனம் அதை வாங்கி, அதே முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. எளிய பக்கம், பொதுமக்களுக்கு இலவச விளம்பரம், வெளியிடும் முன் சரிபார்ப்பு, வட்டாரவாரியாகத் தேடும் வசதி: இவைதான் அந்த முறையின் சாரம். 2012 இல் சிங்கப்பூரில் மூன்று பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தொடங்கிய கெரசல் கைப்பேசியை மையமாக வைத்தது. படம் எடுத்த கையோடு விளம்பரம் போடலாம், அங்கேயே பேரம் பேசலாம். 2019 இல் முடாவை நடத்திய நிறுவனமே கெரசலுடன் இணைந்தது. எனவே ஜொகூரில் புதிதாக வருபவர் எதிர்கொள்ளப் போவது தனித்தனிப் போட்டியாளர்களை அல்ல, பாலத்தின் இரு பக்கமும் கடை விரித்திருக்கும் ஒரே குழுமத்தை. கூடவே முகநூலையும்.

பணத்தைக் கொட்டி இவர்களை வெல்லலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தியச் சந்தை ஒரு பாடம். அங்கே ஓஎல்எக்ஸும் குவிக்கரும் ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சி விளம்பரங்களில் மோதிக்கொண்டன. 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்ட குவிக்கர் பிறகு சுருங்கிப்போனது. ஓஎல்எக்ஸ் தன் இந்தியத் தொழிலை 2023 இல் 537 கோடி ரூபாய்க்குக் கார்டிரேட் நிறுவனத்துக்கு விற்றது. வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் என்பது மட்டும் லாபம் ஆகிவிடவில்லை.

இத்தகைய தளங்களைக் கொல்வது பெரும்பாலும் போட்டி அல்ல, வெறுமை. விளம்பரம் இல்லாததால் ஆள் வருவதில்லை. ஆள் வராததால் விளம்பரம் போடுவதில்லை. நாடு முழுவதும், 40 பிரிவுகள் என்று தொடங்கிய தளத்தில் 200 விளம்பரங்கள் இருந்தால் ஒரு பிரிவுக்கு ஐந்துதான் வரும். சிகாமட்டில் இருப்பவருக்கு அந்த ஐந்தில் ஒன்றுகூடப் பயன்படாமல் போகலாம். ஒருமுறை வந்து வெறுங்கையோடு திரும்பியவர் மறுமுறை வருவதில்லை. அதே 200 விளம்பரங்களும் ஜொகூர் பாரு, மாசாய், ஸ்கூடாய் வட்டாரத்தின் வாடகை அறைகளாகவே இருந்தால் அது நல்ல கடை. தேடுபவர் நண்பரிடமும் சொல்வார்.

ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததற்குத் தமிழரிடையே இருக்கும் பெரிய எடுத்துக்காட்டு முருகவேல் ஜானகிராமன். அமெரிக்காவில் மென்பொருள் துறையில் இருந்த அவர் 1997 இல் அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையத்தளம் தொடங்கினார். பல பகுதிகள் கொண்ட அந்தத் தளத்தில் மக்கள் திரும்பத் திரும்ப வந்தது மணமக்கள் பகுதிக்குத்தான். அதைக் கவனித்து 2000 இல் அதையே தனித் தொழிலாக்கினார். அதுதான் பாரத்மேட்ரிமோனி. நிறுவனம் 2017 இல் இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தது. அவருக்கு மனைவி அமைந்ததும் அந்தத் தளத்தின் வழியாகத்தான் என்பது கூடுதல் செய்தி.

அப்படியானால் ஜொகூரில் மக்கள் திரும்பத் திரும்ப வரக்கூடிய பிரிவு எது? வாடகைதான் முதலில் நிற்கிறது. தினமும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜொகூர் பாலத்தைக் கடக்கிறார்கள். புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான ஆர்டிஎஸ் ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளை ஏற்றிச் செல்லும் திறனோடு 2026 இறுதியில் ஓடத் திட்டமிடப்பட்டது. 2025 ஜனவரியில் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலையத்துக்குப் பக்கத்தில் அறை தேடுவோர் கூடுவார்களே தவிர குறைய மாட்டார்கள்.

இதில் இந்தியர்களுக்கு மட்டுமே உரிய ஒரு வலியும் இருக்கிறது. எல்லாம் பேசி முடித்து, கடைசியில் பெயரைக் கேட்டதும் 'வீடு போய்விட்டது' என்ற பதில் வருவது பலருக்கும் பழகிப்போன அனுபவம். இன்ன இனத்தாருக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போடும் விளம்பரங்களும் உண்டு. தனியார் வாடகையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் ஆண்டுக்கணக்கில் பேச்சளவிலேயே நிற்கிறது. இந்த நிலையில், யாருக்கும் வாடகைக்கு விடச் சம்மதிக்கும் உரிமையாளர்களை மட்டுமே பட்டியலிடும் தளம் ஒன்று வந்தால், அது கொடுக்கும் பயனைப் பெரிய தளங்கள் இப்போது கொடுக்கவில்லை. பத்து அழைப்பு செய்து ஒன்பதில் தலைகுனியும் வேலை மிச்சமாகும். ஆனால் 'இந்தியருக்கு மட்டும்' என்று அதே தவற்றைத் திருப்பிச் செய்தால் அந்தத் தளத்துக்குப் பேச வாய் இருக்காது. பட்டியல் எல்லாருக்கும் திறந்திருப்பதே நியாயம். வியாபாரத்துக்கும் அதுதான் நல்லது. ஜொகூரின் சுமார் 40 லட்சம் மக்களில் இந்தியர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். வாடகைக்கு வீடு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் மற்ற இனத்தவர்.

இரண்டாவது பிரிவு, விசேஷங்களுக்கான சேவைகள். உணவு ஏற்பாடு, மாலை, மேளம், மண்டப அலங்காரம், படப்பிடிப்பு, ரவிக்கை தைப்பவர், தீபாவளிக்கு முறுக்கு சுட்டுத் தருபவர். லிட்டில் இந்தியாவான ஜாலான் உங்கு புவானில் கடை எடுக்க முடிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள். அவர்களின் விளம்பரம் புலனக் குழுவில் காலையில் விழுகிறது. பத்து 'காலை வணக்கம்' பூப்படங்களும் ஒரு சாமி காணொளியும் வந்து சேர்ந்ததும் காணாமல் போகிறது. மூன்று மாதம் கழித்து மகளின் சடங்குக்கு ஆள் தேடும் தாயார் அந்த எண்ணைத் தேடி எடுக்க முடியாது. புலனத்தில் இல்லாத ஒன்றை, அதாவது தேடினால் கிடைக்கும் நிலையான பட்டியலை, ஒரு தளம் தரலாம். அதற்கு அந்தப் பெண்மணி தானாக வந்து பதிவார் என்று காத்திருந்தால் ஆகாது. கூலாயிலும் குளுவாங்கிலும் நேரில் போய், படம் எடுத்து, விலையை எழுதி, தளத்தை நடத்துபவரே பதிந்து தர வேண்டும். முதல் 300 விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படிக் கால்நடையாகத்தான் சேரும்.

வேலைவாய்ப்புப் பிரிவைத் தொடக்கத்தில் விட்டுவிடுவதே நல்லது. ஆள் கூட்டம் அங்கேதான் அதிகம் வரும் என்பது உண்மை; ஆபத்தும் அங்கேதான். கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசியர்களில் பலர், கைநிறையச் சம்பளம் என்ற இணைய விளம்பரத்தை நம்பிப் போனவர்கள். உரிமம் இல்லாத வட்டிக்காரர்களும் இலவசத் தளங்களைத் தேடித்தான் வருவார்கள். பார்க்காத வீட்டுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மறையும் ஆட்களும் இருக்கிறார்கள். பெரிய தளத்தில் ஒருவர் 500 வெள்ளி ஏமாந்தால் அது ஒரு புகார். சமுதாயத் தளத்தில் ஏமாந்தால் அன்று மாலையே எல்லாக் குழுக்களுக்கும் அந்தச் செய்தி போய்விடும், தளத்தின் பெயரோடு. ஆகவே ஒவ்வொரு விளம்பரத்தையும் மனிதக் கண் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். அழைத்துப் பேசிச் சரிபார்க்க வேண்டும். பணம் கட்டும் முன் வங்கிக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' பக்கத்தில் சோதிக்கும்படியும், ஏமாந்தால் உடனே 997 இல் அழைக்கும்படியும் ஒவ்வொரு பக்கத்திலும் போட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்ய ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் இருவர் என்றால் மாதம் 3,400 வெள்ளி. சந்தாத் தொகைகள், பெட்ரோல், தளச் செலவு எல்லாம் சேர்த்து 5,000 வெள்ளி வைத்துக்கொள்ளலாம். மாதம் 30 வெள்ளி கட்டும் வணிகர்கள் 170 பேர் இருந்தால் அது ஈடுகட்டும். எட்டக்கூடிய எண்ணிக்கைதான், ஆனால் முதல் மாதத்தில் அல்ல. பலன் தெரியும் முன் பணம் கேட்டால் அந்த 170 பேரும் கிடைக்க மாட்டார்கள்; ஓராண்டாவது இலவசமாக ஓட்டக் கையில் 60,000 வெள்ளி இருப்பு வேண்டும். அறை வாடகைக்கு விடுபவரிடமும் பழைய அலமாரி விற்பவரிடமும் பிறகும் காசு கேட்கக் கூடாது. அவர்கள்தான் கூட்டத்தைக் கூட்டுபவர்கள். வணிகப் பெயர்ப் பதிவுக்கு ஆண்டுக்கு 60 வெள்ளிதான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கவனிப்பதற்குத்தான் கொஞ்சம் படிப்பு தேவைப்படும், காரணம் தளத்தில் சேரப்போவது மக்களின் தொலைபேசி எண்களும் முகவரிகளும்.

மொழி விஷயத்தில் பிடிவாதம் உதவாது. முறுக்கு தேடும் பாட்டி தமிழில் தேடலாம்; பேரன் ஆங்கில எழுத்தில் தட்டுவான்; வீட்டு உரிமையாளர் மலாயில் எழுதுவார். மூன்றுக்கும் ஒரே விளம்பரம் வந்து நிற்க வேண்டும். பெரிய தளங்கள் இதைச் செய்ய மெனக்கெடவில்லை, அவர்களுக்கு இந்தச் சந்தை சிறியது. புதிதாக வருபவருக்கு இருக்கும் இடைவெளியும் அதுவே.

தமிழ் நாளிதழ்களே ஏன் இதைச் செய்யக்கூடாது என்ற கேள்வியும் எழுகிறது. புதிதாகத் தொடங்குபவரிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது: தினமும் வந்து போகும் வாசகர்கள். ஆனால் அச்சு விளம்பரத்தை ஸ்கேன் செய்து பக்கத்தில் ஏற்றிவிட்டு அதைத் தளம் என்று சொல்வதால் பலன் இல்லை. வீடு போய்விட்டது என்றால் அன்றே விளம்பரம் இறங்க வேண்டும். மாசாயில் அறைக்கு ஆள் கிடைத்து மூன்று வாரமான பிறகும் அழைப்பு வந்துகொண்டே இருந்தால், அந்த வீட்டுக்காரர் அடுத்த முறை அறை காலியாகும்போது மறுபடியும் முடாவுக்குத்தான் போவார்.