ஆடியவன் ஏங்குகிறான், ஆக்கியவன் எங்கே?

அண்மைக் காலமாக நம் படித்தவர் சிலரிடையே புதுவகை ஏக்கம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. நாற்பது அகவையை எட்டிய இவர்கள், இருபது இருபத்தைந்து ஆண்டுகட்கு முன்பிருந்த இணையத்தை எண்ணிப் பெருமூச்செறிகின்றனர். தொலைபேசிக் கம்பி வழியே கீச்சிட்டுக் கீச்சிட்டு இணைந்த அந்தக் கணினி என்ன! மணிக்கு இருபதோ முப்பதோ உருபா கொடுத்து அமர்ந்த இணைய நிலையத்தின் மரத்தடுப்பு என்ன! யாகூ அரட்டை என்ன, ஆர்க்குட் என்ன! நான்கு கணினிகளைக் கம்பியாற் கோத்து நண்பர்கள் சுட்டு விளையாடிய கவுண்டர் சிட்ரைக்கு என்ன, விடிய விடிய வண்டியோட்டிய வைசு சிட்டி என்ன! விருதுநகரிலும் சிவகாசியிலும் கல்லூரி விட்டு, ஆமத்தூர்ப் பேருந்தைத் தவறவிட்டும் அந்நிலையங்களிற் காசு தொலைத்தவர்களே இன்று இவ்வாறு உருகுகின்றனர்.

உருகட்டும். இளமையை எண்ணி ஏங்குவது மாந்த இயல்பு. ஆயின், அந்த ஏக்கத்திற்குள் தமிழ் எங்கே இருக்கிறது என்று நாம் கேட்கிறோம். அந்தக் கணினிகளில் தமிழில் ஒரு சொல்லேனும் தட்டியதாக இவர்கள்தம் நினைவில் இல்லையே, ஏன்?

ஏனெனில், இவர்கள் நினைப்பது ஆடியவனின் இணையத்தை. அதே ஆண்டுகளில், அதே கம்பியில், ஆக்கியவனின் இணையம் ஒன்றும் இருந்தது. அங்கே கூலி இல்லை, புகழ் இல்லை, தொடக்கத்தில் அரசின் கைதாங்கலும் இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வறிஞராய்ப் பணியாற்றிய முனைவர் கலியாணசுந்தரம், தம் ஓய்வுப் பொழுதில் மயிலை எழுத்துருவைச் செய்து விலையின்றி வழங்கினார். மலேசியத் தமிழரான பாலா பிள்ளை, ஆத்திரேலியாவில் இருந்துகொண்டு 1990-களின் நடுவில் தமிழ்.நெட் மடற்குழுவைத் தொடங்கி, முகமறியாத் தமிழர்களைத் தமிழிலேயே மடல் எழுத வைத்தார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995-இலேயே தமிழ்ப் பாக்களை இணையத்தில் ஏற்றத் துணைநின்றார். உலகத் தமிழ்க் கணினியறிஞர்கள் கூடிய தமிழ்நெட் 97 மாநாடு அங்கேதான் நடைபெற்றது. அவர் 1999-இல் மறைந்தார். இப்பெயர்களுள் எத்தனையை நம் ஏக்கக்காரர்கள் அறிவர்?

இன்று விரல் தொட்டால் தமிழ் வருகிறது. அன்று அப்படியன்று. ஒருவர் ஓர் எழுத்துருவில் எழுதிய மடல், அவ்வெழுத்துரு இல்லாதவர் திரையில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறிக் கிடக்கும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தனர். இத்துன்பத்தை நம் சிவகாசி அச்சகத் தோழர்கட்கு விளக்க வேண்டுவதில்லை. நாட்காட்டிக்காக ஓர் எழுத்துருவிற் கோத்த பக்கத்தை வேறோர் எழுத்துருவுக்கு மாற்றிய நொடியிலேயே ‘வாழ்க’ என்பது வாழாமற் போவதையும், இரவெல்லாம் அமர்ந்து முதலிலிருந்து தட்டுவதையும் கண்டவர்கள் அவர்கள். அக்குழப்பத்தைத் தீர்க்கவே அந்த மடற்குழுக்களில் இருந்தோர், கண்டங்கள் கடந்து, மின்மடல் வழியாகவே வழக்காடி வழக்காடித் திசுக்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாம், தாப் குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. பூசல்கள் இருந்தன, கசப்புகள் இருந்தன, இன்றும் சிலர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஆனால் அப்பூசல் தமிழுக்காக நடந்த பூசல்! யார் முதலில் யாரைச் சுட்டான் என்னும் பூசலன்று.

1998 பொங்கல் நாளில் அதே கலியாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினர். ஆளுக்கொரு நூலை எடுத்து, தம் வீட்டில் அமர்ந்து, எழுத்தெழுத்தாய்த் தட்டி, மற்றொருவர் பிழை பார்த்து, உலகுக்கு ஈந்தனர். அவ்வரிசையின் முதலெண் திருக்குறளுக்கு. தட்டியவர்கள் பலர் தமிழ்ப் பட்டம் பெற்றவர்களல்லர்; பொறியாளர், மருத்துவர், கணக்கர். பட்டம் பெற்ற நம் தமிழ்த் துறைகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்னும் வினாவை இங்கே எழுப்பாமல் விடுகிறோம்.

தூய தமிழன்பர்கள் சிறப்பாய்க் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. கலைச்சொல் ஆக்க வேண்டுமாயின் குழு வேண்டும், கூட்டம் வேண்டும், அரசாணை வேண்டும் என்று சொல்லித் திரிவோர் உளர். ‘இணையம்’ என்னும் சொல்லைத் தந்தவர் நா. கோவிந்தசாமி. ‘வலைப்பூ’ என்னும் சொல்லைத் தந்தவர் மணி மு. மணிவண்ணன். மின்னஞ்சல், மடற்குழு, எழுத்துரு, உலாவி, தேடுபொறி எல்லாம் அந்தக் காலத்தில் புழங்கிப் புழங்கி நிலைபெற்றவை. ஒரு பொருள் கைக்கு வந்த அன்றே அதற்குத் தமிழிற் பெயர் வைத்தான் அன்றைய தமிழன். பெயர் வைத்தவனே அதைக் கையாண்டும் காட்டினான். எனவே சொல் வாழ்ந்தது. ‘தமிழிற் சொல்ல முடியாது’ என்பவர் வாயை அடைக்க ‘இணையம்’ என்னும் ஒரு சொல் போதும். இன்று அதை ஆமத்தூர்த் தேநீர்க் கடையிலும் சொல்கிறார்கள்!

ஆனால் அதே கடை வாயிலில், கைப்பேசியைக் குனிந்து பார்த்தபடி கூட்டமாய் அமர்ந்து ஆடும் நம் பிள்ளைகளின் பேச்சைக் கேளுங்கள். ‘கில்’ என்கிறான், ‘லெவல்’ என்கிறான், ‘அவுட்’ என்கிறான். தோழனுக்கு எழுதும் நான்கு சொல் தமிழையும் ஆங்கில எழுத்தில் எழுதுகிறான். அவனைப் பெற்ற தாயின் தாய், திண்ணையில் தாயக்கட்டம் வரைந்து, காயை ‘வெட்டினேன்’ என்றாள், ‘மலையேறிவிட்டது’ என்றாள், ‘பழம்’ என்றாள். ஆடுபுலி ஆட்டத்தில் புலியைக் ‘கட்டினாள்’. பல்லாங்குழியில் முத்தைப் ‘பசு’ என்று அள்ளினாள். ஆட்டத்துக்கான சொல் தமிழில் இல்லையென்று எவனாவது சொன்னால், அவன் தன் பாட்டியிடம் பேசாதவன் என்பது பொருள். கொன்றதைக் குறிக்க ஆங்கிலச் சொல் எதற்கு? ‘வெட்டு’ இருக்கிறதே!

‘விளையாட்டுப் பிள்ளைகள்மேல் இத்துணைச் சினமா?’ என்று சிலர் கேட்கக்கூடும். சினம் பிள்ளைகள்மேல் அன்று. 2020-இல் நடுவணரசு பப்சியைத் தடுத்தது. அடுத்த ஆண்டே வேறு பெயரில் அது வந்தது. பணம் வைத்தாடும் இணையச் சூதினைத் தமிழக அரசு 2023-இல் சட்டத்தால் தடுத்தது. 2025-இல் நடுவணரசும் சட்டம் செய்தது. குடும்பங்களைக் கெடுத்த சூது ஒழிய வேண்டியதே. ஆனால் தடுப்பதற்குச் சட்டம் செய்யும் நாட்டில், ஆக்குவதற்கு யார் என்ன செய்தார்கள்?

சப்பானியரைப் பாருங்கள். உலகப் பிள்ளைகளெல்லாம் அறிந்த சூப்பர் மாரியோ 1985-இல் வெளிவந்தது. முரசு பிறந்த அதே ஆண்டு! அதைச் செய்த நிண்டெண்டோ எப்படிப்பட்ட நிறுவனம் தெரியுமா? 1889-இல் கியோத்தோ நகரில் பூப்படச் சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கிய சிறு கடை. சீட்டு செய்தவன் கணினி விளையாட்டு செய்தான். தன் மொழியிற் செய்தான். பிறகே உலகுக்கு விற்றான். நாமோ தீப்பெட்டிப் படமும் பட்டாசு உறையும் நாட்காட்டியும் அச்சடித்து நாடெங்கும் அனுப்பும் சிவகாசியை அருகில் வைத்துக்கொண்டிருக்கிறோம். வண்ணம் தெரியும், படம் தெரியும், கணினியில் வடிவமைப்பும் தெரியும். அந்தக் கைகளில் ஒரு தமிழ் விளையாட்டு பிறக்காமற் போனதற்கு அறிவுக்குறை கரணியமன்று.

இம்மண்ணுக்கு இது புதிதுமன்று. 1922-இல் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்றது தீப்பெட்டி வாங்குவதற்காகவா? வாங்குவதானால் கடையிலேயே கிடைத்தது. சப்பான் பெட்டியும் சுவீடன் பெட்டியும் சந்தையிற் குவிந்திருந்தன. அவர்கள் செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். சுவீடன் நிறுவனத்தின் பெருமுதல் எதிரே நின்றபோதும் கையால் அடுக்கி, கையால் ஒட்டி, ஈடுகொடுத்தார்கள். ஆமத்தூரைச் சுற்றி இன்று எரியும் அடுப்புகளில் எத்தனை அந்தச் செலவினால் எரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். (அத்தொழிலில் மாண்டவர்களின் கணக்கையும் நாம் மறக்கவில்லை, அது தனியே எழுத வேண்டியது.) தீப்பெட்டியில் ஆக்குவோனாய் இருந்த நாம், கைப்பேசியில் நுகர்வோனாய் மட்டும் ஏன் குனிந்து கிடக்க வேண்டும்?

ஆக்குவோன் இல்லாத இடத்தில் பிறன் முடிவு செய்வான். உலகப் பொதுவான ஒருங்குகுறியில் தமிழுக்குக் கிடைத்தது 128 இடம். அதுவும் நடுவணரசின் பழைய குறியேற்ற வரிசையைப் பின்பற்றி அமைந்தது. நம் உயிர்மெய்களுக்குத் தனி எண் இல்லை. அனைத்தெழுத்துக் குறியேற்றத்தைத் தமிழக அரசு ஏற்றது 2010-இல். அதற்குள் உலகம் வேறு வழியில் நெடுந்தொலைவு போய்விட்டது. அதே ஆண்டில் தமிழுக்குரிய இடத்தில் கிரந்தக் குறிகளைச் சேர்க்க முன்மொழிவு வந்தபோது, அதைக் கண்டுபிடித்துக் கத்தியவர்களும் அந்த மடற்குழு மரபில் வந்தவர்களே.

இனி, ஏங்குவோர் உண்மையில் அழ வேண்டிய இடத்தைக் காட்டுகிறோம். சியோசிட்டீசு 2009-இல் மூடப்பட்டது. அதிலிருந்த தமிழ்ப் பக்கங்கள் போயின. ஆர்க்குட் 2014-இல் மூடப்பட்டது. மரத்தடி, அகத்தியர் என்றெல்லாம் தமிழ்ப்பெயர் தாங்கி, ஆண்டுக்கணக்கில் தமிழர் எழுதிக் குவித்த குழுக்களுக்கு இடம் தந்திருந்த யாகூ, 2019 இறுதியில் குழுக்களின் பழைய மடல்களை அழிக்கத் தொடங்கி, 2020 திசம்பரில் கதவைச் சாத்தியது. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தமைக்கு இன்றளவும் நெஞ்சு வேகிறோம், வேக வேண்டும். அங்கே எரித்தவன் பகைவன். இங்கே பகைவன் எவனும் வரவில்லை. அறிவிப்புக் கொடுத்து, நாளும் குறித்து, ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டே அழித்தான் வணிகன். நம்முள் எத்தனை பேர் எடுத்துக்கொண்டோம்? எரிந்த நூலகத்தின் மண்ணிலிருந்து வந்த ஈழத்தமிழர்கள், 2005-இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கித் துண்டறிக்கை வரை திரட்டி வைக்கின்றனர். இழந்தவனுக்கு அருமை தெரிகிறது.

ஆகவே விருதுநகர், சிவகாசி, ஆமத்தூர் வட்டாரத் தோழர்கள் இதைச் செய்க. பரண்மேலும் பழைய பெட்டியிலும் கிடக்கும் நெகிழ்தட்டு, குறுந்தட்டு, பழுதான கணினியின் வன்தட்டு எதையும் பழைய இரும்புக்குப் போடாதீர். அவற்றில் அந்நாளைய தமிழ் மடலோ, கட்டுரையோ, அச்சகத்திற் கோத்த பக்கமோ இருந்தால், எந்த ஆண்டினது, எந்த எழுத்துருவில் எழுதியது என்று உறைமேல் எழுதி வையுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் இன்றைய ஒருங்குகுறிக்கு மாற்ற மாற்றிகள் உள்ளன. பெயர் தெரியாவிடில் மணிக்கணக்காகும். குறுந்தட்டின் பூச்சு உரிந்துகொண்டிருக்கிறது. அடுத்த கோடை வரை காத்திராதீர். தட்டெழுதத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நான்கு பிள்ளைகளை அமர்த்தித் தமிழ் 99 கற்பியுங்கள். விரல் பழக இரண்டு கிழமை போதும். பழகிய பிள்ளைகளிடம் தாயக்கட்டத்தின் விதிகளைச் சொல்லி, அதைக் கணினியிற் செய்யச் சொல்லுங்கள். காய் விழும்போது திரையில் ‘வெட்டு’ என்று தமிழெழுத்தில் வர வேண்டும்.