முட்டையைக் காக்கும் மாணவர்களும் மூச்சடைக்கும் வலைகளும்

நெசவாளரும் விவசாயிகளும் வாசிக்கும் பத்திரிகையில் கடலாமைக்கு என்ன வேலை என்று அங்கத்தினர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆயினும், ஊதியம் கருதாமல் கூடி உழைப்பதைச் சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் பல ஆண்டுகளாகச் செய்து காட்டி வருகின்றனர். அவ்வுழைப்பின் பயன் எங்கே வீணாகிறது என்று ஆராய்ந்தால், விஷயம் கூட்டுறவாளராகிய நம் வாசலிலேயே வந்து நிற்கிறது.

நம் மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆமை, ஆண்டின் முதல் சில மாதங்களில் இரவு வேளையில் கரையேறுகிறது. மணலில் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறித்து, சுமார் நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. தாயின் கடமை அவ்வளவே. 45 முதல் 60 நாட்களில் மணலின் வெம்மையே குஞ்சுகளைப் பொரிக்கிறது. வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் மிகுந்த திசையே கடல் என்று நம்பி ஓடும். முன்னாளில் அந்நம்பிக்கை பொய்க்கவில்லை. இன்றோ சாலை விளக்குகள் அதை நிலத்தை நோக்கி இழுக்கின்றன. நாய்க்கும் காக்கைக்கும் சக்கரத்துக்கும் அது இரையாகிறது.

1970-களில் சென்னைப் பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்த ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற சதீஷ் பாஸ்கர் அவர்களோடு சேர்ந்தார். பின்னர் நாட்டின் கடற்கரைகளையும் தீவுகளையும் நெடுந்தூரம் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1988-இல் மாணவர்களே தங்களுக்கென ஒரு கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைக் கண்டனர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தூரத்தை நள்ளிரவில் நடந்து, ஆமையின் தடம் கண்ட இடத்தில் முட்டைகளைப் பக்குவமாக எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கின்றனர். பொரித்த குஞ்சுகளைக் கடலோரத்தில் விடுகின்றனர். கண்டதை எல்லாம், செத்து ஒதுங்கிய ஆமைகள் உட்பட, குறித்து வைக்கின்றனர்.

கல்லூரியை விட்டு ஒரு கூட்டம் போக, மறு கூட்டம் வருகிறது; கணக்கு மட்டும் விட்டுப்போவதில்லை. (ஆண்டுதோறும் நிர்வாகம் மாறும்போதெல்லாம் பேரேட்டைத் தேடி அலையும் சில சங்கங்களை இங்கே நினைத்துக்கொண்டேன்.) ஒரு நாள் மரக்கன்று நட்டு, படம் பிடித்துக்கொண்டு, மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போகும் தொண்டுக்கும் இதற்கும் வெகு தூரம்.

ஆனால் 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியதாகச் செய்திகள் வந்தன. ஆமை நீரில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிக்கும் பிராணி. மணிக்கணக்கில் இழுக்கப்படும் இழுவலையில் சிக்கினால் மேலே வர வழியின்றி மூச்சடைத்து மடிகிறது. மடிபவை குஞ்சுகள் அல்ல. பத்தாண்டுகளுக்கு மேல் வளர்ந்து, முட்டையிட வந்த தாய்கள். பொரிக்கும் குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்று பருவமெய்தினாலே பெரிது என்பார்கள். அப்படியானால் ஒரு தாய் போனால் எத்தனை இரவு நடை வீணாயிற்று என்று அங்கத்தினர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. கரையை ஒட்டிய 5 கடல்மைலுக்குள் இழுவைப் படகுகள் தொழில் செய்யக் கூடாது. மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது; அதற்குள் ஆமைகள் வந்து போகும் காலம் பெரும்பாலும் கழிந்துவிடும். வலைக்குள் கம்பிச் சட்டம் பொருத்தி, ஆமை வெளியேற ஒரு வாயில் வைக்கும் கருவியும் உண்டு. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் நம் வலைகளுக்கு ஏற்றவாறு அதை வடிவமைத்திருக்கிறது. அக்கருவி பயன்படுத்தப்படவில்லை என்ற காரணத்தால், 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்க மறுத்தது. நஷ்டம் ஆமைக்கு மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

அந்த வாயில் வழியே மீனும் நழுவுகிறது என்கிறார் மீனவர். இதை முற்றிலும் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கடன்பட்டுப் படகு இறக்கியவனுக்கு ஒரு கூடை மீனும் கணக்குத்தான். நூல் விலை ஏறும்போது தறிக்காரர் படும் பாட்டை அறிந்த நமக்கு இது புரியாததன்று. நழுவும் மீனின் நஷ்டத்தைத் தனி ஒருவன் தலையில் கட்டினால் அவன் கருவியைக் கழற்றி வைத்துவிடுவான். சுமையைப் பங்கிடுவதற்கென்றே ஏற்பட்டவை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள். அவை வலைக் கடனோடு கருவிக்கான தொகையையும் சேர்த்து எளிய தவணையில் அளிக்கட்டும். இரண்டு பருவங்களுக்கு நஷ்ட ஈடு தரும்படி அரசைக் கேட்கட்டும். கருவியுள்ள வலை, இல்லாத வலை இரண்டின் வரவையும் எழுதிவைக்கும் பொறுப்பை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். கணக்கெழுதிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அன்றியும், மீனவர் குப்பத்துத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கவும் அது ஒரு சந்தர்ப்பமாகும். கல்லூரி மண்டபத்தில் எத்தனை சொற்பொழிவு நடத்தினாலும், வலை இழுப்பவர் அங்கே வந்து கேட்பதில்லை.

நம் அங்கத்தினர்களின் பிள்ளைகள் பலர் சென்னையில் படிக்கின்றனர். ஜனவரியில் ஆமைப் பருவம் தொடங்கும்போது ஓர் இரவாவது அந்நடையில் கலந்துகொள்ளுமாறு எழுதுங்கள். கைவிளக்கு மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஆமை மிரண்டு திரும்பிவிடும்.