பரிசலில் ஏறி ஆடு பார்க்கப் போனோம்



பழனிக்குப் போய் வந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. முருகனைத் தரிசித்துவிட்டு, பஞ்சாமிர்த டப்பாக்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு நாளைக் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மலையேறி மன்னவனூருக்கும் போய் வாருங்கள்.

பள்ளி விடுமுறையில் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தேன். அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர்.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வழியில் பூம்பாறை என்ற அழகான கிராமம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டும் காரட்டும் விளைகின்றன. அங்குள்ள குழந்தை வேலப்பரை வணங்கிவிட்டு மேலே போனோம். மன்னவனூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் மலாக்கா வெயிலில் வளர்ந்த உடம்பு நடுங்கத்தான் செய்கிறது. கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும்.

அங்கே புல்வெளிகளுக்கு நடுவே ஓர் ஏரி. அதில் வட்டமான பரிசலில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். புலாவ் பெசாருக்கு விசைப்படகில் போய்ப் பழகிய அம்மா, துடுப்புப் போட்டவர் பரிசலை ஒரு சுழற்றுச் சுழற்றியதும் "முருகா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

படகில் போய் ஆட்டுப் பண்ணை பார்ப்பது நியூசிலாந்தில் பெயர்போன சுற்றுலா. குவீன்ஸ்டவுன் நகரிலிருந்து வாக்காட்டிப்பு ஏரியைக் கடந்து வால்டர் பீக் என்ற பண்ணைக்குப் போகிறார்கள். 1912-இல் ஓடத் தொடங்கிய 'எர்ன்ஸ்லா' என்ற நீராவிக் கப்பல், ஒரு காலத்தில் அந்த ஏரிக்கரைப் பண்ணைகளின் ஆடுகளையும் உரோம மூட்டைகளையும் ஏற்றி இறக்கிய கப்பல்தான். பின்னர் உரோமம் கத்தரிப்பதைப் பார்க்க வரும் பயணிகளை ஏற்றிச் செல்லலாயிற்று. அவ்வளவு தூரம் போக நமக்கு வசதியில்லாவிட்டால் மன்னவனூர் இருக்கிறது.

ஏரிக்குப் பக்கத்திலேயே பண்ணை. ராஜஸ்தானில் அவிகாநகரில் இருக்கும் மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்னாட்டுக் கிளை இது. 1965-இல் தொடங்கியது. இங்கே வளர்வது 'பாரத் மெரினோ' என்ற இனம். நாட்டு ஆட்டையும் உரோமத்துக்குப் பேர்போன வெளிநாட்டு ஆடுகளையும் கலந்து உண்டாக்கியது. மெல்லிய உரோமம் தரும் ஆட்டுக்குக் குளிர் வேண்டும். அதனால்தான் இந்த மலை.

நம் நாட்டிலும் 1970களிலும் 1980களிலும் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மரங்களுக்கிடையே செம்மறிகளை மேயவிட்டுப் பார்த்தது. களையெடுக்கும் செலவு குறைந்தது. வெள்ளாடு நிமிர்ந்து நின்று கொழுந்தையும் பட்டையையும் கடிக்கும். செம்மறி குனிந்து தரையில் உள்ளதைத் தின்னும். வெள்ளாடு வளர்த்த நம்மவர்களைத் துரைமார்கள் விரட்டியதற்குக் காரணம் இப்போது விளங்குகிறதா?

பண்ணையில் ஒவ்வோர் ஆட்டின் காதிலும் ஓர் எண். அதன் தாய் எது, தகப்பன் எது, பிறந்த நாள் என்ன, எடை என்ன என்று எல்லாம் எழுதி வைக்கிறார்கள். அம்மா அதையெல்லாம் கவனித்துவிட்டு, அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் கேட்டார்: "ஏம்பா, ஒரு கிடாயை எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க?"

"ரெண்டு வருஷம் போனா மாத்திடுவோம்மா. அதுக்குப் பொறந்த பெட்டைங்களே பருவத்துக்கு வந்திடுமில்ல? சொந்த ரத்தத்திலேயே சேர்ந்தா குட்டி நோஞ்சானாப் போயிடும்."

அம்மா அதன்பிறகு பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்டபோது எங்கள் கொட்டகையில் பதினொரு ஆடுகள் இருந்தன. துணிமணிக்கும் வழிச்செலவுக்கும் கையில் காசில்லை. பெரிய கிடாயை விற்றுத்தான் அம்மா என்னை அனுப்பினார். அதன் குட்டியையே கிடாயாக விட்டார். அடுத்தடுத்த ஈற்றில் குட்டிகள் சிறுத்தன. சில எழுந்து நிற்காமலேயே செத்தன. மூன்றே ஆண்டில் கொட்டகை காலி. பக்கத்து வீட்டு அக்காவின் கண்பட்டதால்தான் என்று நம்பி, அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டார் அம்மா.

இறங்கி வரும் வழியில், "பாவம்டா அவ, வீணா பழி போட்டுட்டேன்" என்றார். ஊர் திரும்பிய மறுவாரம், ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு அந்த அக்கா இப்போது குடியிருக்கும் தாமானுக்குத் தம்மை அழைத்துப் போகச் சொன்னார். இருவரும் மாலைவரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

வாசகர்களே, நம் சந்தையில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருவது. நல்ல உள்ளூர் ஆட்டுக்கு என்றும் விலை உண்டு. இடமும் அனுமதியும் உள்ளவர்கள் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றை ஆட்டுக்கென ஒதுக்குங்கள். ஆட்டுக்கு ஒரு பக்கம். எந்தக் கிடாயோடு, எந்தத் தேதியில் சேர்ந்தது என்று குறியுங்கள். அன்றிலிருந்து ஏறக்குறைய 150 நாளில் குட்டி போடும். கிடாயைத் தன் குட்டிகளோடு சேரவிடாதீர்கள். இரண்டு ஆண்டுக்கொரு முறை வேறு தோட்டத்துக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள். குட்டி செத்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் கேளுங்கள். அண்டை வீட்டார் மீது பழி போடாதீர்கள்.

எழுதத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அந்த வயதில் நான் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.