பதிவு எண்ணோடு வரும் நூலகம்



சில மாதங்களாக நம் இதழுக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள். பகலில் வகுப்பு, மாலையில் வீடு, ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு என்று ஓடிக்கொண்டே தொலைநிலையில் எம்.ஏ. கல்வியியல் படிக்கிறவர்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது, வினாநிரல்கூடத் தயார் என்கிறார்கள். ஆனால் ‘முந்தைய ஆய்வுகள்’ என்ற இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள். “ரெகுலர்ல படிக்கிறவங்களுக்கு லைப்ரரி இருக்கு. எங்களுக்கு ஏதுங்க?” என்று ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்.

உங்களுக்கும் இருக்கிறது என்பதுதான் இந்த மாதம் நான் சொல்ல வந்த செய்தி. பதிவு எண் கிடைத்த அன்றே நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர். நூலகத்தில் உங்களுக்கு என்னென்ன உண்டு என்று கேட்கும் உரிமையும் அன்றே வந்துவிடுகிறது. பலர் கேட்பதில்லை.

அதற்குக் காரணமும் உண்டு. 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய நாளிலிருந்து, தபாலில் வரும் பாடக்கட்டுதான் நம் ஆட்களுக்குப் பல்கலைக்கழகம். அதைப் படித்தே தேர்வு எழுதிப் பாஸாகிவிடலாம். ஆய்வுக்கு அது போதாது. வேறு யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று தெரியாமல் ஆய்வேடு எழுத முடியாது. அந்த இடத்தில் திணறுகிறவர்களைப் பார்த்துத்தான் ‘ப்ராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று ஜெராக்ஸ் கடைகளில் போர்டு தொங்குகிறது. அங்கே கொடுக்கும் பணத்துக்கு பைண்டு செய்த புத்தகம் கையில் வரும். ஆனால் உங்கள் வகுப்பறையைப் பற்றி அதில் உங்களுக்குத் தெரியாத ஒரு வரிகூட இருக்காது.

ஓர் எடுத்துக்காட்டோடு போவோம். நீங்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியர். கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2021இல் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலை வகுப்புத் திட்டம், உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவியது என்று ஆராய நினைக்கிறீர்கள். எங்கே தொடங்குவது?

முதலில் உங்கள் பல்கலைக்கழக நூலகருக்கு ஒரு மின்னஞ்சல். பெயர், பதிவு எண், படிப்பு, ஒரே வாக்கியத்தில் தலைப்பு, இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள், இப்போது என்ன வேண்டும் — இவ்வளவு போதும். கூடவே இரண்டு கேள்விகள். தொலைநிலை மாணவர்கள் வீட்டிலிருந்தே ஆய்விதழ்களைப் படிக்க லாகின் உண்டா? நம்மிடம் இல்லாத நூலை டெல்நெட் போன்ற நூலக வலைப்பின்னல் வழியாக வரவழைக்க முடியுமா? ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பதில் இல்லையென்றால் போன் செய்யுங்கள். கேள்வியோடு வருகிற மாணவரை நூலகர்களுக்குப் பிடிக்கும்.

லாகின் கேள்விக்கு இப்போது கூடுதல் பொருள் உண்டு. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் அது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா, வளாகத்துக்கு வெளியே இருக்கும் உங்களுக்கு அது எப்படிக் கிடைக்கும் என்று கேட்டு வாங்குவது உங்கள் வேலை. அது பொதுப்பணம், கூச்சப்பட வேண்டியதில்லை.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். லாகினே இல்லாமல் செல்போனில் திறக்கும் கதவுகள் பல.

காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ‘சோத்கங்கா’ தளத்தில், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. தமிழில் எழுதப்பட்டவையும் உண்டு. ஒவ்வோர் ஆய்வேடும் அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி பிடிஎஃப் கோப்பாக இருக்கும். உங்கள் தலைப்புக்கு நெருக்கமான ஒன்று கிடைத்தால் துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் திறங்கள். ஒருவர் ஆண்டுக்கணக்கில் தேடியது நாலைந்து பக்கத்தில் கிடைக்கும். அங்கிருந்து மூலக் கட்டுரைகளுக்குப் போங்கள். அத்தியாயத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிற வேலை மட்டும் கூடாது. கருத்துத் திருட்டுக்கு எதிரான பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், பத்து சதவீதத்துக்கு மேல் ஒத்திருந்தால் தண்டனை உண்டு என்கின்றன.

அடுத்து ‘எரிக்’. அமெரிக்க அரசு 1960களிலிருந்து நடத்திவரும் கல்வியியல் தரவுத்தளம். யாரும் இலவசமாகத் தேடலாம். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தேடினால் அநேகமாகக் கைவிரித்துவிடும். எரிக்குக்கென்று ஒரு சொற்களஞ்சியம் இருக்கிறது. அதன்படி ‘ரெமீடியல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’, ‘ஆஃப்டர் ஸ்கூல் ப்ரோகிராம்ஸ்’ என்று ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள். உலகம் முழுவதும் மாலை வகுப்புகள் பற்றி நடந்த ஆய்வுகள் வரிசையாக வரும். முழுக் கட்டுரையும் இருப்பவற்றை மட்டும் காட்டச் சொல்லி ஒரு பெட்டியை டிக் செய்யும் வசதியும் உண்டு. உங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆய்வுலகம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்று தெரிந்துகொண்டாலே பாதித் தேடல் முடிந்த மாதிரி.

கூகுள் ஸ்காலரில் அதே சொற்களோடு தமிழ்நாடு என்று சேர்த்துத் தேடுங்கள். அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் எழுதிய ஆய்வறிக்கை ஒன்று கண்ணில் படும். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் அரசின் மாலை வகுப்புகளால் வந்தது என்றும் அவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டுரையின் கீழே ‘சைட்டட் பை’ என்பதை அழுத்தினால், அதற்குப் பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் யார் என்று தெரியும்.

இதைப் படித்ததும், எல்லாவற்றையும் பெரிய ஆட்களே செய்துவிட்டார்களே என்று சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் ஆய்வுக்கான இடம் இங்கேதான் தெரிகிறது. 19,000 பேரின் சராசரி சொல்லாத சங்கதிகள் உங்கள் தெருவில் இருக்கின்றன. ஒரே மையத்துக்கு வந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும், இன்னொருத்தி பாதியில் நின்றதும் ஏன்? பாடம் நடத்திய தன்னார்வலர் அந்தத் தெருக்காரர் என்பதால் என்ன மாறியது? இதைக் கேட்டு எழுத உள்ளூர் ஆசிரியரால்தான் முடியும். முந்தைய ஆய்வுகளைப் படிப்பது இந்தக் கேள்வியைக் கண்டுபிடிப்பதற்காகத்தான். பக்கம் நிரப்புவதற்காக அல்ல.

நேரில் போக முடிகிறவர்களுக்குச் சென்னையில் இரண்டு இடங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்று. 1896இல் திறக்கப்பட்ட எழும்பூர் கன்னிமாரா நூலகம் மற்றொன்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதியைப் பெறும் நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று என்பதால், வேறெங்கும் கிடைக்காத பழைய கல்வி நூல்களை அங்கே தேடலாம். தென்மாவட்டத்தாருக்கு 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கல்வியியல் கல்லூரி நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். நெறியாளரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிப் போனால், உட்கார்ந்து குறிப்பெடுக்கப் பல இடங்களில் அனுமதிப்பார்கள்.

நூலகம் வாசகரைத் தேடிப் போக வேண்டும் என்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் வாழ்நாளெல்லாம் அதைத்தான் வலியுறுத்தினார். 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியபோது அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதனே. பல்கலைக்கழகங்களிடமும் நாம் இதையே கேட்கிறோம். தொடர்பு வகுப்பின் முதல் நாளிலேயே ஒரு மணி நேரத்தை நூலகருக்கு ஒதுக்குங்கள். மாணவர் கையேட்டில் நூலக லாகின் பற்றி ஒரு பக்கம் அச்சிடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

வாசகர்களிடமும் ஒரு கோரிக்கை. கல்வி ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசிரியர் அறை வரைக்கும் அது வந்து சேர்வதில்லை. உங்கள் இரண்டாம் அத்தியாயத்துக்காகப் படித்ததில் வகுப்பறைக்குப் பயன்படும் ஒரே ஓர் ஆய்வைத் தேர்ந்தெடுத்து, சக ஆசிரியருக்குச் சொல்வதுபோலத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கென்று இடம் ஒதுக்குகிறோம். பட்டம் உங்களுக்கு, படித்தது எல்லோருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்