துப்பாக்கிப் பாடமும் தாய்மொழியும்

நீண்ட பதிவு. முழுவதும் படித்தபின் மறுப்புரைக்க வேண்டுகிறேன்.

பள்ளி, கல்லூரி மாணவர்க்குத் துப்பாக்கி சுடக் கற்பிப்பது குறித்து நம் வளாகங்களில் இரண்டு கட்சிகள் உள்ளன. இளையோர் கையில் ஆயுதம் தருவதே கல்வியை இராணுவமயமாக்கும் செயல் என்பது ஒரு கட்சி. ஒழுக்கமும் நாட்டுப்பற்றும் அங்கிருந்தே பிறக்கின்றன என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் ஆண்டுதோறும் இதையே பேசுகின்றனர். ஆனால் அந்தப் பயிற்சியில் மாணவன் உண்மையில் எதைக் கற்கிறான், எந்த மொழியில் கற்கிறான் என்பதை இருவரும் கேட்பதில்லை.

என் நிலைப்பாட்டைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைக் கற்பிக்கலாம். கற்பித்தால் பாதுகாப்பை முதலில் கற்பிக்க வேண்டும். அதைக் காரணத்தோடு கற்பிக்க வேண்டும். மாணவனின் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும். இம்மூன்றும் நிறைவேறாத பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் மதிப்பெண் வழங்குவது கல்வி நேர்மையன்று.

முதலில் வரலாறு. 1908இல் பேடன் பவல் எழுதிய சாரணர் கையேட்டிலேயே குறிபார்த்துச் சுடுதல் இடம்பெற்றது. அமெரிக்கச் சாரணர் இயக்கத்தில் இன்றும் ரைபிள் சுடுதலுக்குத் தனித் தகுதி முத்திரை உண்டு. இந்தியாவில் பள்ளிச் சிறுவர் துப்பாக்கியைத் தொடுவது பெரும்பாலும் தேசிய மாணவர் படையில்தான், அதாவது என்.சி.சி.யில்தான். எச்.என். குன்ஸ்ரு தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி 1948இல் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அப்படையில் சேர்வோர் போர்முனைப் பணிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அச்சட்டமே கூறுகிறது.

அதே 1948ஆம் ஆண்டின் டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், ஆயுதம் ஏந்தும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் எனத் திருத்தம் கொண்டுவந்தார். 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானத்தில் காங்கிரஸ் கேட்ட உரிமைதான் அது. அம்பேத்கர் அதை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. இந்த இரு முடிவுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆயுதம் குடிமகனின் உரிமையன்று என்று கூறிய அதே ஆண்டில்தான், ஆயுதத்தைப் பற்றிய அறிவை மாணவனுக்கு மறுக்க வேண்டியதில்லை என்றும் இந்நாடு முடிவு செய்தது. உடைமை வேறு, அறிவு வேறு. 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி உரிமம் இல்லை என்னும் பொதுவிதியை உடைய ஆயுதச் சட்டம், என்.சி.சி.க்கு விலக்களிப்பதும் இவ்வேறுபாட்டின் மீதுதான்.

துப்பாக்கிக் கலையைத் தொட்டவர் அனைவரும் வன்முறையாளர் என்போர் மற்றொன்றையும் நினைவுகூரட்டும். இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் 1951இல் தோன்றியது. அதை நிறுவி முதல் தலைவராக விளங்கியவர் மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி.வி. மாவலங்கர். காந்தியோடு நின்று சிறைசென்றவர் அவர்.

தமிழர்க்கு இவ்வாதம் இவ்வளவு எளிதன்று என்பதை அறிவேன். சிறுவர் கையில் துப்பாக்கி என்றதும் நமக்கு ஈழம் நினைவுக்கு வருகிறது, வரவும் வேண்டும். பள்ளிச் சீருடையைக் களைந்து போர்ச்சீருடை அணிந்த பிள்ளைகளை நம் மொழி பேசும் தாய்மார்தாம் இழந்தனர். 2000ஆம் ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற, ஆயுத மோதல்களில் சிறுவர் ஈடுபடுத்தப்படுவது குறித்த நெறிமுறை அத்தகைய இழப்புகளின் பின்னணியில் எழுந்தது. ஆனால் அங்கு நிகழ்ந்ததையும் இங்கு நான் பேசுவதையும் பிரிக்கும் கோடு எது? அங்கே பிள்ளைக்குக் கற்பிக்கப்பட்டது கீழ்ப்படிதல். ஆணை வந்தால் சுட வேண்டும். பாதுகாப்புப் பாடத்தின் உட்பொருள் அதற்கு நேர்மாறானது: ஐயம் எழுந்தால் எவர் ஆணையிட்டாலும் சுடாதே. இந்த இரண்டாவது பாடம் இல்லாத பயிற்சி முதலாவதை நோக்கித்தான் சரியும். ஆகவே ஈழத்தின் நினைவு என் வாதத்திற்குத் தடையாக இல்லை, அதைக் கறாராக்குகிறது.

பாதுகாப்பு என்பது என்ன? உலகெங்கும் சுடுதளங்களில் சொல்லப்படும் விதிகள் நான்கு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுக. அழிக்க எண்ணாத எதன்மீதும் குழல்வாயைத் திருப்பாதே. குறி உறுதியாகும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கையும் இலக்குக்கு அப்பால் உள்ளதையும் அறிந்துகொள். இவற்றை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். காரணத்தை விளக்க ஐந்து வகுப்புகள் வேண்டும்.

தோட்டாக் கூட்டை அகற்றிய பின்னும் துப்பாக்கியை நிரம்பியதாக ஏன் கருத வேண்டும்? கூட்டை அகற்றினாலும் முன்பே அறைக்குள் ஏறிவிட்ட தோட்டா அங்கேயே இருக்கும். இலக்குக்கு அப்பால் ஏன் பார்க்க வேண்டும்? 25 மீட்டர் தொலைவில் உள்ள அட்டையை நோக்கிச் சுடும் .22 ரைபிளின் சிறு தோட்டா, தடுப்பு இல்லையேல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. விசையை அழுத்தியும் வெடிக்காத துப்பாக்கியை உடனே திறந்து பார்க்கக் கூடாது என்பது ஏன்? வெடிமருந்து தாமதித்துப் பற்றக்கூடும்; ஆகவே குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். காரணம் அறிந்தவன் புதிய சூழலிலும் சரியாக நடப்பான். ஆணையை மட்டும் அறிந்தவன் ஆணை தருபவர் அருகில் இருக்கும்வரைதான் சரியாக நடப்பான்.

இங்கேதான் மொழி நுழைகிறது. என்.சி.சி.யின் ஆணைச் சொற்கள் இந்தி. சாவ்தான், விஸ்ராம் என்பவை அணிநடைக்கு உரியவை. அவற்றை ஒருவன் தவறாகப் புரிந்துகொண்டால் வரிசை கலையும், அவ்வளவே. 'பர்' என்றால் நிரப்பு. 'காலி கர்' என்றால் வெறுமையாக்கு. இவை துப்பாக்கிக்கு உரியவை. இங்கே பிழை நேர்ந்தால் கலைவது வரிசை மட்டுமன்று. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் மலையாளம். கரமனை, சாலை, பாறசாலைப் பகுதிகளில் பலருக்குத் தமிழ். அந்தப் பிள்ளை ஓசையைக் கேட்டு உடலை அசைக்கப் பழகுகிறது. ஓசைக்கு உடல் பழகுவதற்குப் பெயர் பழக்கம். அதைப் பாதுகாப்புக் கல்வி என்று அழைக்க இயலாது. ஐயமிருப்பின் உங்கள் துறையில் உள்ள முன்னாள் என்.சி.சி. மாணவரிடம் கேளுங்கள்: சுடுதளத்தில் சொல்லப்பட்ட விதிகளில் ஒன்றுக்கேனும் காரணத்தைத் தம் மொழியில் விளக்க அவரால் இயலுகிறதா? இயன்றால் அவருக்குக் கற்பித்தவரை நான் வணங்குகிறேன். அவர் பாடத்திட்டத்தைத் தாண்டி உழைத்தவர்.

இது புதிய கோரிக்கையும் அன்று. 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்தி ஆணைச் சொற்களை நீக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றது. நம் ஆய்வாளர்கள் அத்தீர்மானத்தை இருமொழிக் கொள்கையின் பிறப்புச் சான்றாக மட்டும் படித்துவிட்டு நகர்கின்றனர். என்.சி.சி. பற்றிய வரியை மொழி அரசியலின் உபரியாகக் கருதுகின்றனர். எனக்கு அதுவே அத்தீர்மானத்தின் மிக நடைமுறையான வரியாகத் தோன்றுகிறது. ஆயுதத்தின் முன் நிற்கும் பிள்ளைக்குச் சொல் விளங்க வேண்டும் என்பதில் அரசியலுக்கு முன்னரே ஓர் அறம் இருக்கிறது.

மறுப்பு ஒன்று உடனே வரும்: படை என்றால் ஒரே ஆணைமொழி வேண்டாமா? வேண்டும், போர்முனையில். பல மாநிலத்து வீரர் ஒரே பிரிவில் நின்று ஒரே நொடியில் இயங்க வேண்டிய இடத்தில் பொதுச்சொல் தேவை. ஆனால் என்.சி.சி. மாணவர் போர்முனைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று சட்டமே கூறிவிட்டது. பள்ளி மைதானத்தில் நிற்பவர்கள் ஒரே ஊர்ப் பிள்ளைகள். குடியரசு தின முகாமுக்காக இருபது ஆணைச் சொற்களை இந்தியில் கற்பதில் எனக்கு மறுப்பில்லை. சொல் எந்த மொழியிலும் இருக்கட்டும். விளக்கம் தாய்மொழியில் இருக்கட்டும். இதனால் படையின் ஒற்றுமை குலையும் என்போர், அந்த ஒற்றுமையை மிக மெலிந்த நூலில் கட்டியிருக்கின்றனர்.

அடுத்து மதிப்பெண். கேரளத்தில் என்.சி.சி. மாணவர்க்குப் பள்ளித் தேர்வில் கிரேஸ் மார்க் உண்டு. 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, என்.சி.சி.யை விருப்பப் பாடமாக ஏற்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. பாடம் என்று ஏற்றுக்கொண்டால், பாடத்துக்குரிய கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். கற்பிப்பவரின் தகுதி என்ன? மாணவன் கேள்வி கேட்கலாமா? தேர்வு எதை அளக்கிறது? இலக்கட்டையில் குண்டுகள் நெருங்கி விழுந்ததை அளக்கிறதா, சுடாமல் நிறுத்திக்கொண்ட முடிவின் தரத்தையும் அளக்கிறதா? ஒரு கவிதையின் இரண்டு பாடபேதங்களுக்கு நாற்பது பக்கம் எழுதச் சொல்லும் நம் கல்விக்குழுக்கள், உயிர் பறிக்கும் கருவி பற்றிய பாடத்தில் இக்கேள்விகளை எழுப்பாமல் கையொப்பமிடுவது எனக்கு வியப்பளிக்கிறது.

இம்மண்ணிலேயே வேறு முன்மாதிரிகள் உள்ளன. களரிப் பயிற்சியில் மெய்த்தாரி முடிந்து, கோல்தாரி முடிந்து, அதன் பின்னரே அங்கத்தாரியில் உலோக ஆயுதம் கைக்கு வருகிறது. உடலை ஆளத் தெரியாதவனிடம் ஆசான் வாளைத் தருவதில்லை. கிழக்கே கோட்டையின் களரியில் இதை இன்றும் காணலாம். மறுபுறம் வட்டியூர்க்காவில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைந்த சுடுதளம் இருக்கிறது. அங்கு பழகப்படும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் மையப்புள்ளி அரை மில்லிமீட்டர். மூச்சையும் நாடித்துடிப்பையும் அடக்கத் தெரியாதவர் அதைத் தொட இயலாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் பதக்கம் வென்றது இத்துறையில்தான். பகையற்ற, எதிரியற்ற குறிபார்ப்பு அது. நகரத்தின் இவ்விரு இடங்களும் கற்பிக்கும் அடக்கத்தை என்.சி.சி. பாடத்திட்டம் ஏன் கடன் வாங்கக் கூடாது?

இவையெல்லாம் ஏட்டளவிலான கவலை என்று எவரும் எண்ண வேண்டா. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரம் 2022இல் கேரள உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிக்கப்பட்டது. விதுரா, பாலோடு போன்ற மலையோரச் சிற்றூர்களில் இரவில், ரப்பர் மரங்களுக்கிடையே, வீடுகளுக்கு அருகில் துப்பாக்கி ஏந்தி நிற்பவர் படைவீரர் அல்லர். உரிமம் பெற்ற குடிமக்கள். இலக்குக்கு அப்பால் என்ன இருக்கிறது என்னும் கேள்வி அங்கே அன்றாடக் கேள்வி. துப்பாக்கியே இல்லாத சமூகத்தில் வாழ்வதாகக் கற்பனை செய்துகொண்டு அதைப் பற்றிய அறிவைத் தவிர்ப்பது முதல் கட்சியின் பிழை. சீருடை அணிந்துவிட்டால் அறிவு தானே வந்துவிடும் என நம்புவது இரண்டாம் கட்சியின் பிழை.

எனவே என் கோரிக்கைகள் இவை. துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடம் மலையாளத்திலும் தமிழிலும் அச்சாகி மாணவர் கையில் கிடைக்க வேண்டும். சுடுதளத்துக்குச் செல்லுமுன் ஒவ்வொரு மாணவரும் விதிகளையும் காரணங்களையும் தம் மொழியில் வாய்மொழித் தேர்வில் விளக்க வேண்டும். விளக்க இயலாதவருக்குத் தோட்டா தரக் கூடாது. ஆபத்தைக் கண்ட எந்த மாணவரும், எத்துணை இளையவராயினும், 'நிறுத்து' என்று உரத்துச் சொல்லவும், சொன்னவுடன் சுடுதளம் முழுதும் நிற்கவும் விதி வேண்டும். சுட விரும்பாத மாணவருக்கு அதனால் சான்றிதழிலோ மதிப்பெண்ணிலோ குறை நேரக் கூடாது. கேரள, இலட்சத்தீவு என்.சி.சி. இயக்ககத்தின் தலைமையிடம் இந்நகரிலேயே உள்ளது. பல்கலைக்கழகமும் இந்நகரிலேயே உள்ளது. இரண்டும் ஒரு மேசையில் அமர்ந்து இதைச் செய்ய ஒரு கல்வியாண்டு போதும்.

அதுவரை, விருப்பப் பாடமாக இதை ஏற்கும் கோப்பு உங்கள் துறைக் குழுவுக்கு வந்தால், கையொப்பமிடுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நிறுத்து' என்பதற்கு இப்பாடத்தில் என்ன சொல், அது எத்தனை பிள்ளைகளுக்கு விளங்கும்?

மாற்றுக் கருத்துகளைப் பின்னூட்டத்தில் எதிர்பார்க்கிறேன். பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்கள் எழுதினால் பெரிதும் மகிழ்வேன்.