தலைக்கவசத்துக்குள் ஒன்றரை லிட்டர்

லூக்கா பார்மிட்டானோவின் கதையை எல்லோரும் 2013 ஜூலை 16இலிருந்து தொடங்குவார்கள். உயிர்காப்புக் கருவிகளோடு அன்றாடம் மல்லுக்கட்டும் நாம் அதை ஒரு வாரம் முன்னதாக, ஜூலை 9இலிருந்து தொடங்க வேண்டும். அன்று அவர் ஆறு மணி நேர விண்நடையை முடித்துக்கொண்டு விண்வெளி நிலையத்துக்குள் திரும்பினார். ஹெல்மெட்டைக் கழற்றியபோது உள்ளே தண்ணீர் நின்றது. ஏதோ நாலு சொட்டு என்றால் விட்டுவிடலாம். பிற்பாடு போட்ட மதிப்பீட்டில் அது அரை லிட்டருக்குக் குறையவில்லை. உடையின் மார்புப் பகுதிக்குள் வைத்திருக்கும் குடிநீர்ப் பை கசிந்திருக்கும் என்று பேச்சு வந்தது. பைகள் கசிவது உண்டு என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது. அதே உடை அடுத்த வாரம் மறுபடி வெளியே போனது.

ஜூலை 16இல் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெளியேறி முக்கால் மணி நேரத்தில் பின்மண்டையில் ஈரம் தெரிகிறது என்றார். அதற்குச் சற்று முன்பே உடையின் கார்பன் டை ஆக்ஸைடு உணரி பழுதாகியிருந்தது. ஈரம் பட்டால் அந்த உணரி படுத்துக்கொள்வது வழக்கம்தான்; ஆகவே அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியர்வையா, குடிநீரா என்று கேள்வியும் பதிலும் நடந்தன. பையில் இருந்ததைக் குடித்துத் தீர்த்த பிறகும் ஈரம் கூடிக்கொண்டே போனது. எடையற்ற இடத்தில் தண்ணீர் கீழே வடியாது. பரப்பு இழுவிசையால் தோலையும் துணியையும் பற்றிக்கொண்டு ஊரும். தலையில் அணிந்த துணித் தொப்பி வழியே முன்னால் வந்து கண்ணை மூடியது, மூக்குத் துளைகளை அடைத்தது, பேச்சுத் தொடர்பையும் கெடுத்தது. சூரியனும் மறைந்துவிட்டது. உடன் சென்ற கிறிஸ் காசிடி வேறு வழியாகத் திரும்ப வேண்டியிருந்தது. பாதுகாப்பு வடம் இடுப்பைப் பின்னுக்கு இழுக்கும் சிறு விசையை வழிகாட்டியாகக் கொண்டு, கண் தெரியாமல் தடவித் தடவித்தான் பார்மிட்டானோ வாசலுக்கு வந்து சேர்ந்தார். காதருகே உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெற்றிடத்துக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்ததாகப் பின்னர் எழுதினார். 1 மணி 32 நிமிடத்தில் அந்த விண்நடை முடிந்தது. உடைக்குள் சேர்ந்திருந்தது ஒன்றரை லிட்டர் வரை.

விண்வெளியில் ஒருவர் தண்ணீரில் மூழ்கிச் சாக இருந்தார் என்பது செய்தித்தாளுக்கு நல்ல தலைப்பு. நமக்கு வேண்டியது வேறு கேள்வி. அத்தனை தண்ணீர் அங்கே எப்படி வந்தது?

அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும். 1966 ஜூன் 5இல் ஜெமினி 9ஏ கலத்திலிருந்து யூஜின் செர்னான் வெளியே வந்தபோது அவர் உடையில் குளிரூட்டும் நீரோட்டம் கிடையாது. சுவாசிக்கும் ஆக்ஸிஜனே உடம்புச் சூட்டையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும். காற்றடைத்த பந்துபோல் விறைத்த உடைக்குள் கையை மடக்குவதே கடும் உழைப்பு. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180ஐ எட்டியது. வியர்வை ஆவியாகி முகக்கண்ணாடியில் படிந்து பார்வையை மறைத்தது. மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சிறு துளை அளவுக்குத்தான் அவரால் வெளியே பார்க்க முடிந்தது. வாயுவை மட்டும் நம்பினால் வேலை செய்யும் மனிதனைக் குளிர்விக்க முடியாது என்பது அன்றோடு தெளிவாயிற்று. பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் விமானிகளுக்காக ஆராய்ந்துகொண்டிருந்த தண்ணீர்க் குழாய் உள்ளாடை அப்பல்லோவின் நிலவு உடைக்குள் வந்து சேர்ந்தது. விண்வெளி உடைக்குள் தண்ணீர் காப்பாற்ற வந்ததுதான்.

1983 ஏப்ரலில் ஸ்டோரி மஸ்கிரேவும் டொனால்ட் பீட்டர்சனும் முதன்முதலில் அணிந்து வெளியே போன ஷட்டில் உடை, ஈ.எம்.யூ. என்று நாம் சொல்வது, அதே வழியில் வந்தது. உள்ளாடையில் ஏறக்குறைய 90 மீட்டர் மெல்லிய குழாய். அதில் ஓடும் நீர் உடம்புச் சூட்டை வாங்கி முதுகுப்பைக்குக் கொண்டுபோகிறது. அங்கே இருப்பது பதங்கமாக்கி: நுண்துளைகள் நிறைந்த உலோகத் தகடு, ஒரு பக்கம் நீர், மறுபக்கம் வெற்றிடம். துளைக்குள் நுழையும் நீர் உறைந்து துளையை அடைக்கும். சூடு வந்தால் அந்தப் பனி நேரே ஆவியாகி வெளியேறும். காலியான இடத்தில் புதிய நீர் வந்து உறையும். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை, கட்டுப்படுத்தும் மின்சுற்றும் இல்லை. இத்துறையில் எனக்கு இதைவிடப் பிடித்த கருவி கிடையாது. தோராயக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். வேலை செய்பவர் சராசரியாக 300 வாட் வெப்பம் விடுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஏழு மணி நேரத்துக்கு 7.5 மெகாஜூல். ஒரு கிலோ பனி பதங்கமாக 2.8 மெகாஜூல் வேண்டும். உடம்புச் சூட்டுக்கு மட்டும் 2.7 கிலோ தண்ணீர் போகிறது. தண்ணீரை நம்பியிருப்பது நம் உடம்பு மட்டும் இல்லை, நம் உடையும்தான்.

குற்றம் பதங்கமாக்கியில் இல்லை. அணிந்தவரின் மூச்சிலும் வியர்வையிலும் வரும் ஈரம் காற்றோடு சேர்ந்து அங்கே போய்க் குளிர்ந்து துளியாகிறது. துளிகளை உறிஞ்சி, ஒரு சுழலும் உருளைக்குள் அனுப்பி, மையவிலக்கு விசையால் நீரைச் சுவரோரம் ஒதுக்கித் தொட்டிக்குத் திருப்புகிறார்கள். காற்று மட்டும் மறுபடி ஹெல்மெட்டுக்குப் போகிறது. ஃபேன், நீர்ப்பம்பு, இந்தப் பிரிப்பான் மூன்றையும் ஒரே மோட்டார் ஓட்டுகிறது. எடையும் மின்சாரமும் மிச்சம். எழுபதுகளின் அழகான சிக்கனம். ஆனால் முழு உடையிலும் காற்றும் நீரும் நெருங்கிப் பழகும் இடம் அதுதான். உருளையின் சின்னத் துளைகளில் படிவு ஏறி அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத நீர் ஃபேனுக்குள் புகுந்தது. ஃபேன் தன் கடமையைத் தவறாமல் செய்தது: தலைக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துவாரத்துக்கு அதை அனுப்பிவைத்தது.

படிவைப் பகுத்துப் பார்த்ததில் சிலிக்கா முதலான கனிமப் பொருள்கள் இருந்தன. அவை வந்த வழிதான் இந்த இதழின் வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி. ஈ.எம்.யூ. ஒவ்வொரு ஷட்டில் பயணத்துக்குப் பிறகும் தரைக்கு வந்து, பிரித்துத் துடைத்துச் சோதித்து மீண்டும் பூட்டப்படுவதற்காகப் பிறந்த உடை. 2003இல் கொலம்பியா நொறுங்கி ஷட்டில்கள் நின்றபோது உடைகள் மேலேயே தங்கிவிட்டன. தேங்கிய நீரில் அரிமானத் துகள்கள் சேர்ந்து பம்புகள் இறுகின. அதற்கு மருந்தாகத்தான் உடையின் நீர்ச்சுற்றைத் துப்புரவாக்கும் அயனி ஃபில்டர் தொகுதி ஒன்றை மேலே அனுப்பினார்கள். அந்த ஃபில்டர்களைத் தரையில் பதப்படுத்தியபோது பயன்படுத்திய நீரில் சிலிக்கா மிகுந்திருந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்யப் போன ஃபில்டரே படிவைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. நாம் எழுதும் அபாயப் பகுப்பாய்வு அட்டவணைகளில் ஃபில்டர் என்ற சொல் எப்போதும் தடுப்பு என்ற பத்தியில்தான் வரும். காரணம் என்ற பத்தியில் அதை எழுதிய அட்டவணை ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

2014 பிப்ரவரியில் வெளியான விசாரணைக் குழு அறிக்கை படிவோடு நிற்கவில்லை. ஹெல்மெட்டில் கொஞ்சம் நீர் இருப்பது சாதாரணம் என்ற எண்ணம் பழகிப்போனதையும், குடிநீர்ப் பை என்ற விளக்கத்தை யாரும் துருவிப் பார்க்காததையும், துருவினால் அடுத்த விண்நடை தள்ளிப்போகுமே என்ற தயக்கத்தையும் எடுத்துச் சொன்னது. இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது ஒரு சோதனைக் கூடத்தின் ஈரத் தரை. குளிர்நீர்க் குழாயின் கீழே மூன்று நாள் தண்ணீர் தேங்கியது. மழைக்காலம், குழாய் வியர்க்கிறது என்று பதிவேட்டில் நானே கையெழுத்துப் போட்டேன். நாலாம் நாள் ஒரு உதவியாளர் குழாயைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் துணி நெடுக உலர்ந்திருக்க, ஒரு இணைப்பின் கீழே மட்டும் நனைந்திருந்தது. வியர்வை என்பது பொய்யில்லை. அந்த மாதத்தில் வேறு குழாய்கள் வியர்த்தன. பொருந்துகிற விளக்கம் கையில் கிடைத்ததும் காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

ரஷ்யர்களின் ஓர்லான் உடையை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் பதங்கமாக்கிதான், அதிலும் நீர்ச்சுற்றுதான். ஆனால் அது தரைக்குத் திரும்பப்போவதில்லை என்று தெரிந்தே வரையப்பட்டது. முதுகுப்பக்கத்துக் கதவு வழியாக ஒருவர் தாமாகவே உள்ளே நுழைந்துகொள்ளலாம். பராமரிப்பு விண்வெளி நிலையத்திலேயே; ஆயுள் முடிந்தால் சரக்குக் கலத்தில் ஏற்றி வளிமண்டலத்தில் எரித்துவிடுவார்கள். ஈ.எம்.யூ. 29.6 கிலோபாஸ்கலில் இயங்க, ஓர்லான் 40இல் இயங்குகிறது. அழுத்தம் கூடினால் கைகள் சீக்கிரம் சோரும்; ஆனால் வெளியே போகுமுன் தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்து நைட்ரஜனைக் கழிக்கும் நேரம் குறையும். எது மேல் என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. யார் கையால், எங்கே பழுதுபார்க்கப்படும் என்ற கேள்விக்கு ஓர்லானின் வரைபடத்தில் முதல் நாளிலிருந்தே பதில் இருந்தது. ஈ.எம்.யூ.வுக்கு அந்தப் பதிலை வழியில் ஒட்டவைத்தார்கள். 15 ஆண்டுக்கு என்று செய்த 18 முதுகுப்பைகளில், 2017இல் நாசாவின் தலைமைத் தணிக்கை அலுவலகம் எண்ணியபோது வேலை செய்யும் நிலையில் 11 இருந்தன.

விபத்துக்குப் பின் வந்த தீர்வுகள் இரண்டு. ஹெல்மெட்டின் பின்புறம் நீரை உறிஞ்சும் ஒரு பஞ்சு மெத்தை. வாயருகிலிருந்து இடுப்புவரை போகும் ஒரு பிளாஸ்டிக் குழாய். தலை மூழ்கினால் இடுப்புப் பக்கத்துக் காற்றைக் குழாய் வழியே சுவாசிக்கலாம். 2013 டிசம்பரில் ரிக் மாஸ்ட்ராக்கியோவும் மைக் ஹாப்கின்ஸும் இவற்றோடு வெளியே போனார்கள். கையில் கிடைத்ததைக் கொண்டு காரியம் முடித்த இந்தத் தீர்வை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் வராமலிருக்க இது ஒன்றும் செய்யவில்லை. 2016 ஜனவரியில் டிம் கோப்ரா ஹெல்மெட்டில் நீர்க்குமிழ் கண்டு பாதியில் திரும்பினார். 2022 மார்ச்சில் மத்தியாஸ் மௌரரின் ஹெல்மெட்டில் மறுபடி. அதன் பிறகு பல மாதங்களுக்கு அவசரமில்லாத விண்நடைகளை நிறுத்திவைத்தார்கள். 2024 ஜூனில் டிரேசி டைசன் வாசலைத் திறந்த நிலையில், உடையை நிலையத்தோடு இணைக்கும் குழாயிலிருந்து நீர் பீறிட்டுப் பனித்தூளாய்ப் பறந்தது. இடம் வேறு, காரணம் வேறு. நீர் ஒன்றே.

சரியான விடை பிரிப்பானை உறுதியாக்குவதில் இல்லை என்று நினைக்கிறேன். பிரிப்பானே தேவைப்படாமல் செய்வதில் இருக்கிறது. நாசா தன் அடுத்த தலைமுறை முதுகுப்பைக்கு வரைந்த வடிவில் இது நடந்திருக்கிறது. அமீன் படுகைகள் இரண்டு மாறி மாறி வேலை செய்யும். ஒன்று கார்பன் டை ஆக்ஸைடோடு ஈரத்தையும் பிடித்துக்கொள்ள, மற்றது வெற்றிடத்தைப் பார்த்துத் திறந்து இரண்டையும் கொட்டிவிடும். ஈரம் துளியாகும் முன்பே போய்விடுவதால் சுழலும் உருளைக்கு வேலை இல்லை. பதங்கமாக்கியின் இடத்தில் நீர் ஒட்டாத நுண்துளை இழைகளாலான ஆவியாக்கி; பழைய தகட்டைவிட அழுக்கைத் தாங்கும். இதற்கு விலையும் உண்டு. மூச்சின் ஈரம் திரும்பி வராது, வீண். செவ்வாயில் இந்தப் படுகைகள் அப்படியே ஓடவும் ஓடா: அங்கே வெளியே இருப்பது 600 பாஸ்கல் அளவிலான கார்பன் டை ஆக்ஸைடு, கொட்ட நினைப்பதே அங்கே நிரம்பிக் கிடக்கிறது. அந்த அழுத்தம் நீரின் மும்மைப் புள்ளிக்கு அருகில் வருவதால் பழைய பதங்கமாக்கிக்கும் அங்கே சோறு கிடையாது. நிலவுக்குச் சரி, அதற்கு அப்பால் வேறு யோசனை வேண்டும்.

காலம்தான் கவலை. 2007இலிருந்து 2021வரை புதிய உடைகளுக்காக நாசா 42 கோடி டாலர் செலவழித்தும் ஒரு விண்நடை உடையும் மேலே போகவில்லை என்று அதே தணிக்கை அலுவலகம் எழுதியது. 2022இல் வேலையை ஆக்ஸியம், காலின்ஸ் என்ற இரு நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். 2024இல் காலின்ஸ் விலகிக்கொண்டது.

இதை நாம் வேடிக்கை பார்க்கும் இடத்திலிருந்து பேசவில்லை. ககன்யானின் உடை கலத்துக்குள் அணிவது, அழுத்தம் குறைந்தால் காக்க வந்தது. அதில் இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் எழாது. ஆனால் 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம் என்று இந்தியா அறிவித்திருக்கிறது. நிலையம் என்று ஒன்று வந்தால் என்றாவது ஒருநாள் யாராவது வெளியே போய்த் திருகாணி முறுக்க வேண்டும். அந்த உடைக்கான தேவை ஆவணத்தை எழுதப்போகிறவர்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். கையுறை, தோள்மூட்டு, நிலவுத்தூசி எல்லாவற்றுக்கும் தனித்தனி அத்தியாயம் வரும், வரட்டும். நீர் எங்கே காற்றைத் தொடுகிறது, அந்த இடத்தை அணிகிறவரே மேலே பிரித்துப் பார்க்க முடியுமா, பார்க்க எத்தனை நிமிடம், ஃபில்டரைப் பதப்படுத்தும் நீரை யார் சோதிப்பார் என்ற நான்கையும் முதல் பக்கத்தில் எழுதச் சொல்வேன்.

ஈ.எம்.யூ. அணிந்து வெளியே போகிறவரிடம் தரைக்கட்டுப்பாடு இன்றும் அவ்வப்போது அந்தப் பஞ்சைப் பற்றி விசாரிக்கிறது. அவர் தலையைப் பின்னால் சாய்த்து அதன்மேல் அழுத்துகிறார். சதசதப்பு இருக்கிறதா என்று பின்மண்டையால் தொட்டுப் பார்க்கிறார். இல்லையென்றால், உலர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார்.