படிக்கச் சொன்னது குற்றமா?

ஒன்ராறியோவின் 104ஆம் இலக்கச் சட்டம் வகுப்பறைகளில் இனப்பகையை விதைக்கிறதாம். இப்படி எழுதுபவர்கள் அந்தச் சட்டத்தை ஒரு தடவையாவது வாசித்தார்களா? ஐந்து நிமிடம் போதும். மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்து 2021 மே மாதம் நிறைவேறிய அந்தச் சட்டம், மே 18இல் முடியும் ஏழு நாள்களைத் தமிழினப்படுகொலை அறிவூட்டல் வாரமாக அறிவிக்கிறது. அந்நாள்களில் இந்தப் படுகொலையையும் உலகின் பிற இனப்படுகொலைகளையும் பற்றி அறிந்துகொள்ளுங்கள் என்று மக்களை ஊக்குவிக்கிறது. அவ்வளவுதான். எந்தப் பள்ளிக்கும் கட்டளை இல்லை. எந்தப் பிள்ளைக்கும் பரீட்சை இல்லை. இதற்கா இத்தனை கூக்குரல்?

சிங்களப் பிள்ளைகள் கூனிக்குறுக நேரும் என்கிறார்கள். சட்டத்தின் முகவுரை குற்றம் சாட்டுவது இலங்கை அரசை. அந்த அரசின் பழியை ஸ்காபரோவில் பிறந்த சிங்களப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது உங்கள் வாதம்தான். அப்பிள்ளையை எவராவது சீண்டினால் கண்டிப்பது ஆசிரியரின் கடமை. அதற்காக வரலாற்றைப் பூட்டிவைக்க முடியாது. யூத இனப்படுகொலை 2023 செப்டெம்பர் முதல் இங்கே ஆறாம் வகுப்பிலேயே கட்டாயப் பாடம். ஜெர்மானியப் பிள்ளைகளுக்காக அதையும் நிறுத்தச் சொல்வீர்களா?

தமிழருக்கு நடந்ததை ஐ.நா. இனப்படுகொலை என்று சொல்லவில்லையே என்பது அடுத்த வாதம். இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் வன்னியில் மக்களைக் காக்கத் தவறியதை 2012இல் தன் உள்ளக மீளாய்விலேயே ஒப்புக்கொண்ட அமைப்பு அது. கடமை தவறியவரின் முத்திரை கிடைக்கும்வரை செத்தவர்களைப் பற்றிப் பேசக்கூடாதா? இங்கே எல்லோரும் அந்த முத்திரைக்காகக் காத்திருக்கவில்லை. துருக்கிய அமைப்புகள் எதிர்த்தபோதும், ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை 2008இல் ஆர்மேனிய இனப்படுகொலையைத் தன் பாடநெறியில் வைத்தது. கனடியப் பாராளுமன்றமோ 2022இல் மே 18ஐத் தமிழினப்படுகொலை நினைவு நாளாக ஏகமனதாக ஏற்றது.

மாகாணத்துக்கு அதிகாரமில்லை என்ற கடைசி வாதம் நீதிமன்றத்திலேயே செத்துவிட்டது. 2022இல் ஒன்ராறியோ மேல் நீதிமன்றம் இந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. 2025 மார்ச்சில் கனடிய உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதியே மறுத்தது. மூன்று படி ஏறியும் நிற்காத வாதத்தைப் பத்திரிகையில் தூக்கி நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இந்தச் சட்டத்தின் உண்மையான குறை ஒன்றுதான்: அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே பெற்றோரே, மே மாதம் வருமுன் உங்கள் பிள்ளையின் அதிபருக்கும் கல்விச்சபை உறுப்பினருக்கும் எழுதுங்கள். அந்த வாரத்தில் வகுப்பில் என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.